திருகாணி மேல் ஒரு வெள்ளைக் கோடு

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்கு இருபத்தாறு வருடமாகச் சம்பளம் கொடுக்கிறார்கள். பினாங்குத் தீவின் பாயான் பாருவில், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம் போனால் வரும் தொழிற்சாலையில், ப்ராசஸர்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை. கணினியின் மூளை என்று பள்ளிப் புத்தகத்தில் போட்டிருப்பார்களே, அந்தச் சில்லுதான். தட்டுத் தட்டாக வரும். நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற ஆளுக்கு அங்கே வேலையில்லை. இது கெட்டது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, சூடாக்கி, குளிரவைத்து, வேகமாக ஓட்டி, இல்லை நான் நல்லதுதான் என்று அது நிரூபிக்கும் வரை விடக்கூடாது.

இந்தப் புத்தியை வேலை முடிந்ததும் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வர முடியாது. பசாரில் மீனின் செவுளைத் திறந்து பார்ப்பேன். மீன்காரர் திறந்து காட்டினால், அவர் காட்டாத மீனைத் திறப்பேன். "நீ பொறந்தப்பவே நர்ஸ் கிட்ட ரசீது கேட்டிருப்ப" என்பார் என் வீட்டுக்காரர். அவர் எனக்கு நேர்மாறு. வீட்டில் சத்தம் வராமலிருக்க எதையும் ஒப்புக்கொள்வார், எதையும் மறைப்பார்.

தொழிற்சாலையிலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்த இன்னொரு பழக்கமும் உண்டு. அங்கே ஒரு திருகாணியை முறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்போம். அப்புறம் யாராவது அதைத் திருகியிருந்தால் கோடு ஒட்டாமல் விலகி நிற்கும். ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வீட்டில் கேஸ் சிலிண்டரின் மூடிக்கு அப்படி ஒரு கோடு இருக்கிறது. ஒரு காலத்தில் ஊறுகாய் ஜாடிக்கும் இருந்தது. ஊறுகாயைத் திருடியது யார் என்று கண்டுபிடித்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்த்து என் வீட்டுக்காரர் ஒரு வாரம் தயிர்ச்சோற்றை வெறுமனே சாப்பிட்டார்.

நாற்பத்தொன்பது வயதில் எனக்கு ஓர் ஆசை வந்தது. இத்தனை ஆயிரம் சில்லுகள் என் கையைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டன. அவற்றில் ஆக உயர்ந்த ரகத்தில் ஒன்றை என் வீட்டில் வைத்து, அதனால் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பெட்டியில் அச்சடித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதை ஓவர்க்ளாக் என்பார்கள். வேலையிடத்தில் அது நடக்காது. எழுதிக் கொடுத்த எல்லையோடு நிறுத்திவிட வேண்டும். எல்லைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எனக்குப் பார்க்க வேண்டும் போலிருந்தது. மற்ற பெண்கள் இந்த வயதில் காசிக்குப் போகிறார்கள் என்றார் என் வீட்டுக்காரர். காசியில் வேர்க்கும் என்றேன்.

சாமான்களை வாங்கித் தந்தவன் என் கொழுந்தன். என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி, முப்பத்தாறு வயது, கல்யாணமாகாதவன், கெப்பாலா பத்தாஸில் வாடகை அறையில் தனியாக இருந்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். ஜார்ஜ் டவுனில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த கணினிக் கடையில் அவனுக்கு வேலை.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான். அதற்கு முன் வேறொரு கடையில் இருந்தபோது, பழுதுபார்க்க வந்த கணினியிலிருந்து புது மெமரியைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிட்டான். பிடிபட்டதும் பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்டான். வேலை போயிற்று. பேரும் போயிற்று. பினாங்கில் கணினிக் கடைக்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் பழக்கம், ஆறு மாதம் யாரும் அவனைச் சேர்க்கவில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது கடை முதலாளியிடம், நானே போய் நின்றேன். "இவன் இனிமேல் கை வைத்தால் என்னைக் கேளுங்கள்" என்றேன். தவுக்கே நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அந்த வேலையில் இருக்கிறவள் ஒருவனை நல்லவன் என்று சொன்னால் அது சோதனையில் தேறியது மாதிரி என்று நினைத்தாரோ என்னவோ, மறுநாளே வரச் சொன்னார். நான்கு வருடம் ஒரு புகார் இல்லை. சரக்கறைச் சாவியை அவனிடமே கொடுத்திருந்தார்.

ஆனால் நான் மறக்கவில்லை. வாக்குக் கொடுத்தவளே அதிகம் சந்தேகப்பட்டவள் என்று இப்போது சொன்னால் விசித்திரமாக இருக்கும். உண்மை அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்து கணினியை மாட்டினோம். அவன் ஒவ்வொரு டப்பாவையும் பிரிக்கும் முன் நான் வாங்கி, ஒட்டியிருந்த முத்திரையை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்.

"புதுசுதான் அண்ணி. கடையில நானே எண்ணி எடுத்தேன்."

"நீ எண்ணினதாலதான் பாக்குறேன்."

சிரித்துக்கொண்டான். அவன் அப்படித்தான், என் வாயிலிருந்து வரும் எதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வான். அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

ப்ராசஸரைக் குளிர்விக்கத் தண்ணீர்க் கூலர் வாங்கியிருந்தோம். ப்ராசஸரின் சூட்டைத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும். கார் ரேடியேட்டர் மாதிரியேதான், நீளம் ஒரு முழம். மெல்லிய தகடுகள் நெருக்கமாக மடித்திருக்கும், மூன்று விசிறிகள் அவற்றுக்குள் காற்றை ஊதும். அதை மேல்பக்கம் மாட்டலாம் என்றான் அவன். முன்பக்கம்தான் என்றேன் நான். வெளியிலிருந்து வரும் குளிர்ந்த காற்று முதலில் அதற்குத்தான் போக வேண்டும் என்பது என் கணக்கு. அவன் வாதாடவில்லை. முன்பக்கம் மாட்டி முடித்து எழுந்து கையைத் துடைக்கும்போது, சாமி மாடத்தைப் பார்த்தான். எங்கள் கூடத்தில் கணினி மேசைக்கும் சாமி மாடத்துக்கும் நடுவில் நாலடிகூட இல்லை.

"அண்ணி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவீங்கல்ல. இது பக்கத்துல வேணாம் லா."

"ஏன், உன் கம்ப்யூட்டருக்கு சாமி ஆகாதா?"

"சாமிக்குக் காட்டுங்க அண்ணி. இதுக்கு எதுக்கு?"

வீட்டுக்கு வரும் புதுப் பொருளுக்குச் சாம்பிராணி காட்டாதே என்று எனக்குப் புத்தி சொல்ல இவன் யார் என்று தோன்றியது. அவன் போனதும் கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டிலிருந்த நான்கு திருகாணிகளிலும் வெள்ளைக் கோடு இழுத்தேன்.

அடுத்த மூன்று வாரம் நான் வாழ்ந்த வாழ்க்கையை என்னவென்று சொல்வது. வேலைவிட்டு வந்து குளித்து, கோப்பி கலக்கிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தால் உலகம் தெரியாது. வேகத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியது, ப்ராசஸரைக் கசக்கிப் பிழியும் சோதனையை ஒரு மணிநேரம் ஓட்ட வேண்டியது, பிழை வந்தால் மின்னழுத்தத்தை நூலிழை ஏற்றிப் பார்க்க வேண்டியது. சில நாள் திரை நீலமாகி நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் ப்ராசஸர் முழுவதும் ஐந்து புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸில் ஒரு மணிநேரம் பிழையில்லாமல் ஓடியது. சூடு எண்பத்திரண்டு பாகைக்கு மேல் போகவில்லை. நான் எழுந்து நின்று கைதட்டினேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய்ச் சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை புதுக் கார் வாங்கினால் செய்வது போலவே செய்தேன். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். நான்கு கால்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போனேன், உருண்டுவிடும் என்று அவர் தடுத்துவிட்டார். தூபக்காலில் கரிக்கட்டை கனன்றது, மேலே சாம்பிராணியை அள்ளிப் போட்டு, சாமிக்குக் காட்டிவிட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தேன். அப்போதுதான் அந்த அழகைப் பார்த்தேன். மேலே போய்க்கொண்டிருந்த புகை, பெட்டியின் முன்பக்கம் வந்ததும் வளைந்து, மூன்று கோடாகப் பிரிந்து, மூன்று விசிறிகளுக்குள்ளும் அப்படியே நுழைந்தது. பின்பக்கம் மெல்ல வெளியே வந்தது.

"பாத்தீங்களா காத்தோட்டத்த?" என்றேன். "முன்னாடி மாட்டுனது எவ்ளோ சரின்னு பாருங்க. கம்பெனியில இதைக் கண்டுபிடிக்க ஒரு தனி மிஷின் வச்சிருக்கான்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாமிக்கு மூன்று சுற்று, கணினிக்கு ஐந்து சுற்று. இதில் பக்தி எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று என்னைக் கேட்கக் கூடாது.

நான்காம் மாதம் முதல் அடி விழுந்தது. ஐந்து புள்ளி ஆறில் ஓடிக்கொண்டிருந்தது நீலத் திரை போட்டு நின்றது. சூட்டைப் பார்த்தேன், தொண்ணூற்றொன்று. மழைக்காலம், அறையில் ஒன்றும் வெக்கையில்லை. முன்பக்கத்தில் தூசியைத் தடுக்கும் வலையைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தமே சந்தேகப்பட வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. நான்கு மாதம் கழுவாத வலை எப்படிச் சுத்தமாக இருக்கும்? இருபத்தாறு வருட அனுபவம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

வலையை மாட்டிவிட்டு நிமிரும்போதுதான் திருகாணிகளைப் பார்த்தேன். நான்கிலும் கோடு விலகியிருந்தது.

என் வீட்டுக்காரர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வேலைக்குப் போனப்ப யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலயே."

"இதை யாரு தொறந்தா?"

"எனக்கென்ன தெரியும்? நீயே தொறந்துட்டு மறந்திருப்ப."

சொன்னவர் முகத்தைப் பார்த்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினது மாதிரி உட்கார்ந்திருந்தார். செய்தியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கூர்ந்து பார்த்தார். ஆக, யாரோ வந்திருக்கிறார்கள். அது யார் என்று இவருக்குத் தெரியும். இவர் யாருக்காகப் பொய் சொல்வார்? உலகத்தில் ஒரே ஒருவனுக்காகத்தான்.

அதற்கப்புறம் எனக்கு எல்லாமே சாட்சியாகிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை கொழுந்தன் உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே கணினிப் பக்கம் பார்த்தான். சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே, "டெம்பரேச்சர் எவ்ளோ ஓடுது அண்ணி?" என்றான்.

"ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நன்றாகக் குறுகுறுக்கட்டும் என்று, "நல்லா ஓடுது, எண்பத்திரண்டு" என்றேன். அவன் ஆச்சரியமாக அண்ணனைப் பார்த்தான். அண்ணன் அப்பளத்தைப் பார்த்தார். அந்த ஒரு பார்வை எனக்குப் போதுமாயிருந்தது.

மறுநாள் ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் கூலரின் தலையைக் கழற்றி, ப்ராசஸரின் மூடியில் பொறித்திருந்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, டப்பாவில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டேன். ஒன்றாகவே இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கே நிறுத்தியிருப்பார்கள். எனக்கு அடுத்த சந்தேகம் வந்தது. ப்ராசஸரில் எண் இருக்கிறது, மாட்டிக்கொள்வான். கூலரில் தண்ணீரைத் தள்ளும் பம்பு இருக்கிறதே, அதன் டப்பாவை நான் எறிந்துவிட்டேன். யாரோ வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த பழைய கூலரை இங்கே மாட்டிவிட்டு, புதியதைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். மெமரியில் செய்தவன் கூலரில் செய்ய மாட்டானா? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். தீர விசாரித்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சூடு தொண்ணூற்றேழுக்குப் போன வாரம், ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஜார்ஜ் டவுனுக்குப் பஸ் ஏறினேன். அவன் சாப்பிடப் போகும் நேரம் எனக்குத் தெரியும். தவுக்கே கல்லாவில் இருந்தார். இருவரும் மலாயில் பேசுவோம். நான் எதையும் குற்றமாகச் சொல்லவில்லை என்று அன்றைக்கு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "என் வீட்டுக்கு வந்த கூலர், உங்கள் கணக்கில் புதியதாகத்தான் போயிருக்கிறதா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கணினியில் எதையோ தேடிவிட்டு, ஆமாம், புதியது என்றார். பிறகு, "ஏன் கேட்கிறாய்?" என்றார்.

"சும்மாதான்" என்றேன்.

வேறு யார் கேட்டிருந்தாலும் அது வெறும் கேள்வி. அவனுக்காக வாக்குக் கொடுத்தவள் கேட்டால் அது என்னவாகும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டேன். படியிறங்கும்போது மனம் லேசாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த இரண்டு வெள்ளியும் வரவில்லை. கடையில் வேலை அதிகம் என்று அண்ணனிடம் போனில் சொன்னானாம். பயந்துவிட்டான் என்று நான் கணக்குப் போட்டேன். நான்காவது வெள்ளிக்கிழமை, அவனுக்கென்று வைத்த தட்டை நான் திருப்பி அலமாரியில் வைக்கும்போது, என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். முப்பது வருடத்தில் அவர் சாப்பாட்டிலிருந்து எழுந்ததில்லை.

"அவன் வேலைய விட்டுட்டான்" என்றார்.

"ஏன்?"

"சாவிய வாங்கிட்டாங்களாம். டெய்லி வீட்டுக்குப் போறப்ப எல்லார் முன்னாலயும் பேகைத் தொறந்து காட்டிட்டுத்தான் போகணுமாம். மூணு வாரம் காட்டியிருக்கான். அப்பறம் முடியலன்னு நின்னுட்டான்."

அவர் குரல் உயர்ந்தது. எனக்கு அதுவும் புதிது.

"அன்னைக்கி அவன் வந்தான்தான். நான்தான் கதவைத் தொறந்தேன். நீ போடுற சாம்பிராணி உள்ள போய் அடைக்கும், கழுவிட்டுப் போறேன்னு வந்தான். முன்னாடி வலையக் கழுவுனான். சைடைத் தொறந்து உள்ள லைட்டு அடிச்சுப் பாத்துட்டு, ரேடியேட்டர் உள்ள ஒட்டிப் புடிச்சிருக்கு, மொத்தமாக் கழட்டணும், அண்ணிகிட்ட மெதுவா சொல்லுங்கன்னான். நான்தான் சொல்லல. உன் மிஷின ஒருத்தன் தொட்டான்னு தெரிஞ்சா நீ குதிப்ப. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உனக்குப் பட்டப்பகல்லயே பேய்!"

அப்போதாவது நம்பினேனா? இல்லை. தம்பிக்காக அண்ணன் கட்டும் கதை என்றுதான் நினைத்தேன். இதைப் பொய்யென்று நிரூபித்துக் காட்டுகிறேன் என்று அந்தக் கோபத்திலேயே கணினியைத் தரையில் இறக்கி, இதுவரை நான் தொடாத இடத்தைத் தொட்டேன். ரேடியேட்டரின் மேல் விசிறிகளைப் பிடித்திருந்த பன்னிரண்டு திருகாணிகளையும் கழற்றி, முதல் விசிறியை எடுத்தேன்.

விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், வெளியிலிருந்து யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு கம்பளி படிந்திருந்தது. தகடு எது, இடைவெளி எது என்று தெரியவில்லை. விரலால் தொட்டேன், பிசுபிசுத்தது. புகையோடு போன பிசின் தகடுகளில் ஒட்டி, வலையைத் தாண்டிவந்த தூசியெல்லாம் அதன் மேல் ஒட்டி, காற்று போக வழியே இல்லை. பம்பு நன்றாகத்தான் இருந்தது. ப்ராசஸர் அதே ப்ராசஸர். விரலை மூக்கருகே கொண்டுபோனேன்.

சாம்பிராணி வாசம்.

தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவன் என்னிடம் சொன்னதில் நான் சந்தேகப்படாத சொல்லே இல்லை, புதுசுதான் என்றது, மேல்பக்கம் மாட்டலாம் என்றது, டெம்பரேச்சர் கேட்டது, எல்லாவற்றையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். இது பக்கத்தில் சாம்பிராணி வேண்டாம் என்று முதல் நாளே நேரடியாகச் சொன்னானே, அதை மட்டும் நான் காதிலேயே வாங்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அவர் வந்து பக்கத்தில் நின்றார். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

ஸ்பிரிட்டும் பழைய பல்துலக்கியும் வைத்து இரண்டு நாள் சுத்தம் செய்து, மறுபடி மாட்டி, சோதனையை ஓட்டினேன். ஐந்து புள்ளி ஆறு. ஒரு மணிநேரம். பிழை இல்லை. சூடு எண்பத்திரண்டு. பச்சை எழுத்தில் தேறியது என்று வந்தது. திரையை அணைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனேன்.

தவுக்கேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் மேல் தப்பு என்று மலாயில் மூன்று முறை சொன்னேன். அவர் காதைச் சொறிந்துகொண்டார். "அவனும் இதைத்தான் சொன்னான்" என்றார். "அண்ணி வீட்டில் புகை போடுகிறார்கள், அதனால் கூலர் அடைத்திருக்கும் என்றான். கதை விடுகிறான் என்று நினைத்தேன். ஏனென்றால் கேள்வி கேட்டது நீ." அவனைத் திரும்ப வரச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அங்கேயே அவனுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, வரமாட்டேன் என்கிறான் என்றார்.

அவன் அதற்குள் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தான். விசிறியும் சில்லும் தொட்டுப் பழகிய கைக்கு அட்டைப்பெட்டி. ஞாயிற்றுக்கிழமை கெப்பாலா பத்தாஸுக்கு அவன் அறைக்கே போனேன். நாற்காலி ஒன்றுதான் இருந்தது, எனக்குப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான்.

"தப்புப் பண்ணிட்டேன் தம்பி. உன்னக் கேட்டிருக்கணும். கேக்காம அங்க போயிட்டேன்."

"பரவால்ல அண்ணி."

"பரவால்லன்னு சொல்லாத. திட்டு."

கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "நான் முன்னாடி செஞ்சது நெசந்தானே அண்ணி. யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க." பிறகு, "ரேடியேட்டரை ஸ்பிரிட்டு போட்டா கழுவுனீங்க? தகடு வளையாம பாத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை சாப்பிட வா என்றேன். சரி என்றான். வருவானா என்று அந்த வாரம் முழுக்கச் சந்தேகப்பட்டேன்.

வந்தான். சாமி மாடத்தை நான் அறைக்கு மாற்றியிருந்தேன், கூடத்தில் புகை இல்லை. கணினிப் பக்கம் அவன் பார்க்கவேயில்லை. ரசம் ஊற்றிக்கொண்டான், அப்பளம் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டான், அண்ணன் சொன்னதற்கெல்லாம் சிரித்தான். பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது வாசலில் குனிந்து செருப்பை மாட்டினான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோளிலிருந்த பையை முன்னால் இழுத்து, ஜிப்பைத் திறந்து, வாயை அகலமாகப் பிடித்து என் பக்கம் நீட்டினான்.

கேலிக்குச் செய்தானா, அந்த மூன்று வாரத்துப் பழக்கத்தில் கை தானாகச் செய்ததா, எனக்குத் தெரியவில்லை. முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை. மூடு தம்பி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அதற்கு முன்பே என் கண் பைக்குள் போய்விட்டது. ஒரு டிபன் டப்பா, ஒரு குடை, மடித்து வைத்த வேலைச் சட்டை. நான் பார்த்ததை அவன் பார்த்தான். பையை மூடிக்கொண்டு, "வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.